இலக்கும் வயிறும்: கருத்தடை வரலாற்றில் சேரிப் பெண்கள்

எங்கள் சேரிக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன்பே, தெருவிளக்கு வருவதற்கு முன்பே, சிவப்பு முக்கோணம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தலைகீழாக நிற்கும் முக்கோணம், பக்கத்தில் சிரிக்கும் நான்கு முகங்கள், கீழே ‘நாம் இருவர் நமக்கு இருவர்’. படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்றுதான் அந்தச் சின்னத்தை அப்படி அமைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சேரிக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தராமல், படிக்கத் தெரியாதவர்களுக்குச் சின்னம் வரைந்து தந்த அரசாங்கத்தின் அக்கறை எதன் மீது இருந்தது என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்த கதையை எழுதுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் அதைச் சாதனையாக எழுதுவார்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை என்ற அளவை 1990களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு நெருங்கிவிட்டது. அதற்குக் காரணம் சத்துணவு, பேருந்து, பெரியார், சினிமா, அதிகாரிகளின் திறமை என்று அடுக்குவார்கள். மறு சாரார் நம்மைப் போன்றவர்கள். அரசின் வன்முறை, அந்நிய நிதி, ஏழையின் உடல் மீதான அதிகாரம் என்று பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் முதல் கதையில் சேரிப் பெண் வெறும் எண்ணிக்கை, இரண்டாவது கதையில் வெறும் பலி. ‘போதும், இனிமே புள்ள வேணாம்’ என்று ஒரு கூலிக்காரி தானாகவே முடிவெடுத்திருப்பாள் என்பது இரண்டு கதையிலும் கிடையாது. பிள்ளையை நிறுத்த வேண்டும் என்பது அவள் முடிவு. எதைக் கொண்டு, எப்போது, யார் சொல்லி நிறுத்துவது என்பது மட்டும் அவள் கையில் தரப்படவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நம் வரலாற்றை எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

எங்க ஆயா பதினோரு பிரசவம் கண்டவள். தங்கியது ஐந்து. ‘பெத்ததுல பாதி மண்ணுக்கு, மீதி பண்ணைக்கு’ என்பாள். இது விரக்தியில் சொல்லும் பேச்சு மட்டுமல்ல, பொருளாதாரம். எட்டு வயசுப் பையன் மாடு மேய்க்கப் போவான், பத்து வயசுப் பெண் சாணி அள்ளப் போவாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்பன் தலையிலிருந்து மகன் தலைக்கு வரும். தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. ஓர் ஆளைப் பண்ணைக்கு வைத்துக்கொள்வது என்றால் அவன் குடும்பத்தையே வைத்துக்கொள்வது என்றுதான் அதுவரை அர்த்தம். ஆக அந்தக் காலத்தில் சேரியில் பிள்ளை பிறந்தால் நிலக்காரனுக்கு வருத்தம் கிடையாது. அவன் முதல் போடாமல் கிடைக்கிற ஆள் அது. பின்னாளில் பம்புசெட்டும் டிராக்டரும் வந்து ஆள் மிச்சமான பிறகுதான், ‘சேரியில பன்னி மாதிரி பெத்துப் போடுறாளுங்க’ என்ற பேச்சு ஊர்த்தெருத் திண்ணைகளில் சத்தமாகக் கேட்க ஆரம்பித்தது. நாட்டின் மக்கள்தொகைப் பெருக்கம் என்று நமக்குப் பாடப் புத்தகத்தில் சொல்லித் தந்ததைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் உள்ளே இந்தத் திண்ணைப் பேச்சும் இருக்கிறது.

சரி, ஆயா தலைமுறைப் பெண்கள் பதினொன்று வேண்டும் என்றா பெற்றார்கள்? கேட்டுப் பார்த்தால் தெரியும். பப்பாளிக்காய், எள்ளும் வெல்லமும், பிள்ளைக்கு மூன்று வயது வரை பால் கொடுப்பது, தாய்வீட்டிலேயே மாசக்கணக்கில் தங்கிவிடுவது என்று எத்தனையோ வைத்திருந்தார்கள். எதற்கும் கேட்காதபோது எருக்கங்குச்சி. அதைச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எருக்கங்குச்சி வைத்துச் செத்தவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இல்லை. ‘வயித்து வலியில போயிட்டா’ என்று முடித்துவிடுவார்கள். அரசாங்கம் கருத்தடையை நம் பெண்களுக்குக் கற்றுத் தந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த எருக்கங்குச்சிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? உயிரைப் பணயம் வைத்துக் கருவைத் தடுக்கப் பார்த்தவளுக்குப் பிள்ளையைக் குறைத்துக்கொள் என்று யார் போய்ப் பிரச்சாரம் செய்ய வேண்டும்? அவளுக்கு வேண்டியிருந்தது சாகாமல் நிறுத்துகிற ஒரு வழி, அவ்வளவுதான்.

இந்த ஆயாக்கள் குச்சியோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில் சென்னைப் பட்டணத்தில் கருத்தடை பற்றி ஆங்கிலத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1880களிலேயே அங்கே மால்தஸ் கொள்கை பேசும் சங்கம் ஒன்று தோன்றியது. 1928இல் மதராஸ் நியோ மால்தூசியன் லீக் ஏற்பட்டது. நீதிபதி வேபா ராமேசம் போன்ற கனவான்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள். பெரும்பாலும் பார்ப்பன, மேல்சாதி, படித்த ஆண்கள். ஏழைகள் அதிகம் பெருகுகிறார்கள், தகுதியுள்ளவர்கள் குறைகிறார்கள் என்கிற இனமேம்பாட்டுக் கவலை அந்த விவாதத்துக்குள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ச. ஆனந்தி, சாரா ஹாட்ஜஸ் போன்ற ஆய்வாளர்கள் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கருத்தடை கூடாது என்ற எதிர்ப்பும் மேலிருந்துதான் வந்தது. 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். காந்தி, கருவி வேண்டாம், அடக்கம் போதும் என்றார். இரவில் புருஷனை மறுக்கும் உரிமை இல்லாத பெண்ணிடம் அடக்கத்தைப் பற்றிப் பேசினால் அவள் என்ன செய்வாள் என்பது சாங்கர் அவரிடம் வைத்த வாதங்களில் ஒன்று. நியாயமான வாதம்.

பெரியார் இங்கே வேறு பாதையில் போனார். 1930லேயே குடி அரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதும்போது, மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை என்று காரணம் சொல்கிறார்கள், நாம் சொல்லும் காரணம் பெண் விடுதலை என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இது தமிழ் வாசகர்கள் அறிந்ததுதான். அறியாதது, அல்லது அறிந்தும் பேசாதது, பம்பாயில் நடந்தது.

1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில், சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பி. ஜே. ரோகம், மக்களுக்குக் கருத்தடை வசதிகளை அரசே செய்து தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானத்துக்கான உரையைத் தயாரித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அன்று அவர் அவையில் இல்லாததால் ரோகம் அதை முன்வைத்தார். அந்த உரையில் வறுமை பற்றிய வாதம் இருக்கிறது, நாட்டின் நிலைமை பற்றிய வாதமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நடுநாடி வேறு இடத்தில் துடிக்கிறது. பிரசவ வேதனையை ஆண்கள் பட வேண்டியிருந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் எவனும் சம்மதிக்க மாட்டான் என்கிறது அந்த உரை. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தால் அதைத் தடுத்துக்கொள்ள அவளால் முடிய வேண்டும், முடிவு முழுவதும் அவளுடையதாக இருக்க வேண்டும் என்கிறது. ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்பதைக் கவனியுங்கள். காரணத்தைக் கணவனிடமோ டாக்டரிடமோ சர்க்காரிடமோ அவள் ஒப்பிக்க வேண்டியதில்லை. நான்கு பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்தில் மண்ணுக்குக் கொடுத்த தகப்பன் எழுதியது அது. மனைவி ரமாபாய் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தீர்மானம் தோற்றது. ஆதரவாக 11 வாக்கு, எதிராக 52. காங்கிரஸ் மிகப்பெரிய கட்சியாக இருந்த அவை அது. 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டிலும், அவசரப்பட்டுக் கல்யாணம் செய்யாதீர்கள், அதிகப் பிள்ளை பெறுவதைக் குற்றமாக நினையுங்கள், மனைவி கணவனுக்குத் தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக அல்ல என்று அம்பேத்கர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூலிப் பெண்களும் ஆலைத் தொழிலாளிப் பெண்களும். பட்டணத்துக் கனவான்கள் ஏழைகளைப் பற்றிப் பேசினார்கள் என்றால், இங்கே பேச்சு நேராக ஏழைப் பெண்களிடமே நடந்தது. நம் கருத்தடை வரலாற்றை அரசாங்கத்தின் 1952ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாம் 1938லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1952இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு சேர்ந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியின் சீடர், கருவிகளை விரும்பாதவர். அதனால் மைசூர் ராமநகரத்தில் பெண்களுக்குப் பாசிமணி மாலை கொடுத்தார்கள். பாதுகாப்பான நாளுக்கு ஒரு நிறம், ஆபத்தான நாளுக்கு ஒரு நிறம். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். அது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய வருஷம் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்றவர் ஆர். ஏ. கோபாலசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. தன் அறிக்கையில் அவர் ஒரு சொல்லை உருவாக்கினார். மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதை, முன்யோசனையற்ற தாய்மை என்ற பொருளில் எழுதினார். தாய்மைதான் யோசனையற்றது. தகப்பனுக்கு அந்த அறிக்கையில் அடைமொழி இல்லை. அவரே பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். இந்தியாவிலேயே முதன்முதலாகக் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் திட்டம் 1950களின் பிற்பகுதியில் இந்த மாநிலத்தில்தான் வந்தது. அறுவை செய்துகொண்டவருக்கு 30 ரூபாய். அன்றைக்கு ஒரு கூலிக்காரனுக்கு அது பல வாரச் சம்பளம். கொஞ்ச நாளில், ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று வந்தது. சர்க்கார் பாஷையில் பிரச்சாரகர், ஜனங்கள் பாஷையில் புரோக்கர். வேலை இல்லாத மாசங்களில்தான் ஆள் சிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். நடவு சமயத்தில் யாரும் போகமாட்டார்களாம்.

அப்போது அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. 1971 ஜூலையில் பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குச் செய்தார்கள். அதற்கு முன் 1965இல் லூப் வந்திருந்தது. பெண்களுக்கு மாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் போனால், வலித்தால், திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு, ஒதுங்கக் கக்கூஸ் இல்லாதவளுக்கு, மாசத்தில் பாதி நாள் ரத்தம் போனால் என்ன ஆகும் என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. லூப் மீதான பயம் இரண்டு தலைமுறை தாண்டி, காப்பர் டி மீதும் ஒட்டிக்கொண்டு வந்தது. இதைத்தான் பின்னாளில் ‘அறியாமை’ என்று எழுதினார்கள்.

1966 முதல் இலக்கு. இவ்வளவு லூப், இவ்வளவு அறுவை என்று மேலே டில்லியிலிருந்து மாநிலத்துக்கு, மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து கிராமத்து நர்சம்மா வரைக்கும் எண் இறங்கி வந்தது. 1968இல் நிரோத், மூன்று பதினைந்து பைசாவுக்குக் கடைக்கு வந்தது. அதே வருஷம் டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அதில் குழந்தைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். பெறாதே என்று சொல்ல சேரிவரை வந்த அரசாங்கம், பெற்றதைக் காப்பாற்ற வந்து சேரவில்லை.

பிறகு நெருக்கடி நிலை. 1976–77இல் நாடு முழுவதும் சுமார் 83 லட்சம் பேருக்கு அறுவை. அதில் 62 லட்சம் பேர் ஆண்கள். வடக்கே ஊரையே வளைத்துப் பிடித்தார்கள். அரியானாவில் உட்டாவர் கிராமத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1977 தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். தோல்விக்குக் காரணங்களில் ஒன்று நாசபந்தி என்று எல்லாக் கட்சிகளும் பாடம் படித்தன. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை குடும்ப நலத்துறை என்று பெயர் மாறியது. ஆனால் அவர்கள் படித்த பாடம் என்ன? கட்டாயப்படுத்துவது தவறு என்பதா? அப்படித் தெரியவில்லை. ஆம்பளை மேல் கைவைத்தால் ஓட்டுப் போகும், பொம்பளை மேல் கைவைத்தால் போகாது என்பதுதான். அடுத்த சில வருஷங்களில் ஆண் அறுவை விழுந்தது. பெண் அறுவை ஏறியது. இன்றுவரை பாரம் பெண் மேலேயே இருக்கிறது.

இங்கே நம் வீட்டையும் சொல்லியாக வேண்டும். ஆண் அறுவை சுலபமானது, வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, சில நாளில் வேலைக்குப் போகலாம். இதெல்லாம் தெரிந்த, மேடையில் அம்பேத்கரைப் பேசுகிற தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘பாரம் தூக்க முடியாது’ என்பார்கள். ‘காயடிச்ச மாடுன்னு சொல்லுவானுங்க’ என்பார்கள். ஊர்க்காரன் நம்மை மாடு என்றால் கோபம் வருகிறது, நியாயம். ஆனால் அதற்காகக் கத்தி எப்போதும் அவள் வயிற்றுக்கே போக வேண்டுமா? 1938 தீர்மானத்தின் முதல் வாதத்தை நாம் நம் குடிசைக்குள் இன்னும் நிறைவேற்றவில்லை.

எண்பதுகளில் ‘கேஸ்’ என்ற சொல் கிராமத்துக்கு வந்தது. நர்சம்மா கேஸ் பிடிக்க வந்திருக்கிறார், அந்த மாசத்துக்கு இரண்டு கேஸ் குறைகிறது. ஊர்த்தெருவிலும் போவார்கள், ஆனால் அங்கே வாசலோடு சரி. சேரியில் அடுப்பங்கரை வரைக்கும் வரலாம். தொகுப்பு வீட்டுக்கு மனுக் கொடுக்கப் போனால், ஆட்டுக் கடன் கேட்டுப் போனால், ‘ஆபரேசன் பண்ணிக்கினியா?’ என்று கேட்டதாகப் பெண்கள் சொல்கிறார்கள். நர்சம்மாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மழையில் சேற்றில் நடந்து வந்து, சேரி வீட்டில் உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடித்த முதல் சர்க்கார் ஆள் அவர்தான் என்று சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். எண்ணை முடிக்காவிட்டால் இடமாற்றம், சம்பள நிறுத்தம் என்ற பயம் அவருக்கும் இருந்தது.

எங்க அம்மாவுக்கு 1993இல், என் தம்பி பிறந்த மூன்றாம் நாள், ஒரு சர்க்கார் ஆசுபத்திரியில் செய்தார்கள். ‘யாரும் சொல்லல, நானேதான் கேட்டு வாங்கிக்கினேன்’ என்று இன்றைக்கும் சொல்லும். அதைச் சொல்லும்போது அதன் முகத்தில் ஒரு கெத்து இருக்கும். அப்பாவைக் கேட்கவில்லை, மாமியாரைக் கேட்கவில்லை. மூணு போதும் என்று தானே முடிவு செய்தது. ஆனால் தையல் பிரிக்கும்முன் படுக்கையைக் காலி செய்யச் சொன்னதும், தையல் சீழ் வைத்ததும், இருபதாம் நாள் களையெடுக்கப் போனதும் கூடவே வரும். ‘மாத்திரைன்னு ஒண்ணு கீது, அத்த துன்னா கொஞ்ச வருசம் தள்ளிப் போடலாம்னு ஒருத்தரும் சொல்லலியே. சொல்லியிருந்தா உனுக்கும் உன் தங்கச்சிக்கும் நடுவுல ரெண்டு வருசம் மூச்சு வுட்டிருப்பேன்.’ எனக்கும் தங்கைக்கும் பதினான்கு மாசம்தான் இடைவெளி. அம்மாவின் முதுகு அப்போதே போய்விட்டது.

‘மூணோட நிறுத்தலன்னா உன்ன எம்.ஏ. வரைக்கும் எப்பிடிப் படிக்க வெச்சிருப்பேன்?’ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த ஆபரேசனின் பலன்தான். அதனால்தான் குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் சதி என்று ஒரே வரியில் எழுதிப் போக என்னால் முடியவில்லை. சீழ் வைத்த அந்தத் தையலை மறந்துவிட்டுச் சாதனை என்று எழுதவும் முடியவில்லை.

நம் பெண்கள் ஏன் அறுவைக்கே போகிறார்கள், மாத்திரையும் காப்பர் டியும் இருக்கிறதே என்று படித்தவர்கள் கேட்பார்கள். தினம் மறக்காமல் மாத்திரை போட வேண்டும், தீர்ந்தால் திரும்ப வாங்கப் போக வேண்டும், போனால் அரை நாள் கூலி போகும். நிரோத் என்றால் ஒற்றை அறைக் குடிசையில் அதை எங்கே ஒளித்து வைப்பது, அவன் குடித்துவிட்டு வரும்போது யார் எடுத்துக் கொடுப்பது? ஒரே தடவையில் முடிந்துவிடுகிற, புருஷனின் தயவு தேவைப்படாத வழி என்று பார்த்தால் அறுவைதான் மிச்சம். இது அறியாமை அல்ல, கணக்கு. இருபது வயதுக்குள் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிரசவம், பிறகு அறுவை, பிறகு முப்பது வருஷக் கூலி வேலை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் சுமார் 49. ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் 1992இல் வந்தது. அதில் வைப்புத்தொகை வேண்டுமென்றாலும் பெற்றோரில் ஒருவர் அறுவை செய்துகொண்ட சான்று வேண்டும். பெற்றோரில் ஒருவர் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரே தடவையில் முடிந்துவிடும் வழிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்களில் பலர் கருத்தடை செய்துகொண்டவர்கள். குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவைக்கு அரசு உதவி அறிவித்தது. மீனவக் குப்பங்களில் ஒரே நாளில் நடந்து எல்லோருக்கும் தெரிந்த இந்த இழப்பு, சேரிகளில் சில்லறை சில்லறையாக, வயிற்றுப்போக்கிலும் பாம்புக்கடியிலும் கிணற்றிலும் நடந்துகொண்டே இருந்தது. அதற்கு யாரும் எதையும் அறிவிக்கவில்லை.

இலக்கு முறையைத் தமிழ்நாட்டில் 1995இலும், நாடு முழுவதும் 1996இலும் விலக்கிக்கொண்டார்கள். கெய்ரோ மாநாட்டுக்குப் பிறகு காற்று மாறியிருந்தது. ஆனால் அதே 1995இல் தமிழ்நாட்டு அரசுப் பிரசவ வார்டுகளில் ஆய்வு செய்த செசிலியா வான் ஹோலன் என்ற மானுடவியலாளர், பிரசவம் முடிந்ததும் பெண்ணின் சம்மதம் கேட்காமலே காப்பர் டி வைத்துவிடும் வழக்கத்தைப் பதிவு செய்தார். வைத்ததே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981இல், முதியோர் கல்வி வேலை செய்த தலித் பெண்களே சேர்ந்து தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, உடம்பைப் பற்றிப் பெண்களுக்குள்ளேயே பேசவும் சொல்லிக் கொடுக்கவும் செய்தது, மருத்துவமனையும் நடத்தியது. நம் இதழ்களில் அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கவிதைக்குக் கொடுத்த பக்கங்களில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

முகாம்கள் ஒழியவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் பாழடைந்த ஓர் ஆசுபத்திரிக் கட்டடத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அந்த வாரத்து முகாம்களில் அறுவை செய்துகொண்ட பதிமூன்று பெண்கள் செத்தார்கள். தலித், பழங்குடி, பிற்பட்ட சாதி ஏழைப் பெண்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் மூன்று வருஷத்துக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது.

இப்போது பாட்டு மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் ஸ்டாலின், பதினாறு பெற்றுப் பெருவாழ்வு என்ற பழைய வாழ்த்தை எடுத்து, நாம் ஏன் பதினாறு பிள்ளை பெறக்கூடாது என்று கேட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்களைச் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு இடம் குறையும் என்ற கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. மக்கள்தொகையைக் குறைத்ததற்குத் தண்டனையா என்று கேட்பதும் சரிதான். ஆனால் குறைத்தது யார் உடம்பில் என்ற கேள்வி அந்த மேடைகளில் வரவில்லை. பண்ணைக்கு ஆள் வேண்டியபோது பெறு, ஆள் மிச்சமானபோது நிறுத்து, நாடாளுமன்றத்துக்கு நாற்காலி வேண்டும்போது மறுபடியும் பெறு. எங்க அம்மாவிடம் பதினாறு விஷயத்தைச் சொன்னேன். ‘யாரு பெக்கறது? அவுங்களா?’ என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில், ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எத்தனை பெற்றார்கள், எத்தனை தங்கியது, நிறுத்தலாம் என்று முதலில் யோசித்தது எப்போது, யாரிடம் சொன்னார்கள், வேறு வழி உண்டு என்று யாராவது சொன்னார்களா, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும்போது படித்துக் காட்டினார்களா, எத்தனையாம் நாள் வேலைக்குப் போனார்கள். ஆண்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். பெயர் போட வேண்டாம், ஊர் வேண்டாம், வட்டம் போதும். தேதி மறந்திருந்தால் அறுவைச் சான்றிதழைக் கேளுங்கள். பல வீடுகளில் அது ரேஷன் கார்டோடும் சாதிச் சான்றிதழோடும் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கும்.